பார்க்கர் குடும்பத்தின் மரக்கோட்டை

கோட்டை என்றதும் நம் மனக்கண்முன் நிற்பது கருங்கல் மதில். மலாக்காவில் போர்த்துகீசியர் கட்டிய கோட்டையின் வாயிலைப் பிள்ளைகள் பலர் சுற்றுலாவில் பார்த்திருப்பார்கள். அவை அரசர்களும் படைகளும் கட்டியவை. ஒரு குடும்பம் தன் கையால் மரம் வெட்டிக் கட்டிய கோட்டையும் உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பார்க்கர் குடும்பம் கட்டிய அக்கோட்டையைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

அமெரிக்கக் குதிரைவீரர் படங்களில் இத்தகைய கோட்டைகளை நாம் கண்டிருக்கிறோம். உள்ளே இருப்பவர் நல்லவர், வெளியே குதிரையில் வருபவர் கெட்டவர் என்று படம் தொடங்கும்போதே முடிவாகிவிடும். உண்மை வரலாறு அவ்வளவு எளிதன்று.

ஜான் பார்க்கர் என்ற முதியவர் ஒரு சமயபோதகர். 1833ஆம் ஆண்டில் அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உற்றார் உறவினர் எல்லாரும் இலினாய் மாநிலத்தை விட்டு டெக்சசுக்குப் புறப்பட்டனர். அன்று டெக்சஸ் மெக்சிகோ நாட்டுக்குச் சொந்தம். குடியேறும் குடும்பத்தலைவர் ஒவ்வொருவருக்கும் 4,400 ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்தது. நம் நாட்டில் ஒரு பெரிய ரப்பர்த் தோட்டம் அவ்வளவு இருக்கும். இவ்வளவு தாராளம் ஏன்? அந்தப் பக்கம் கொமாஞ்சியர் முதலிய பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் திரிந்த பகுதி. அவர்களுக்கும் மெக்சிகோவின் ஊர்களுக்கும் இடையே ஆள் வேண்டியிருந்தது. நிலத்தை அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. அங்கே நடமாடியவர்களை யாரும் கேட்கவில்லை.

1834இல் நவசோட்டா ஆற்றின் அருகே கோட்டை எழுந்தது. மரங்களைப் பிளந்து, நுனியைக் கூராகச் சீவி, ஏறத்தாழ 12 அடி உயரத்திற்கு நெருக்கமாக நட்டார்கள். அந்த வேலிக்குள் சுமார் 4 ஏக்கர் நிலம். உட்புறம் சுவரை ஒட்டி மர வீடுகள். மூலைகளில் துப்பாக்கி நீட்டத் துளையிட்ட காவல் வீடுகள். ஆனால் சோளக்கொல்லைகள் எல்லாம் வெளியே இருந்தன. கோட்டைக்குள் உயிரைக் காத்துக்கொள்ளலாம். வயிற்றை நிரப்ப வெளியே போய்த்தானே ஆக வேண்டும்?

1836 மே மாதம் 19ஆம் நாள் ஆண்களில் பலர் வயலுக்குப் போயிருந்தனர். பெரிய வாயிற்கதவு திறந்தே கிடந்தது. கொமாஞ்சியரும் வேறு சில இனத்தவரும் பெருங்கூட்டமாகக் குதிரைகளில் வந்து நின்றனர். வெள்ளைக் கொடியும் காட்டினர். முதியவரின் மகன் பெஞ்சமின் அவர்களிடம் பேசப் போனார். ஆபத்து என்று தெரிந்து, திரும்பி வந்து வீட்டாரை எச்சரித்தார். மற்றவர்கள் தப்பிக்க நேரம் கிடைக்கட்டும் என்று மீண்டும் போனார். அங்கேயே கொல்லப்பட்டார். முதியவர் ஜான், மற்றொரு மகன் சைலஸ் உட்பட ஐவர் மாண்டனர், ஐவர் சிறைபிடிக்கப்பட்டனர். எஞ்சியோர் காட்டுவழியே பசியோடு பல நாள் நடந்து உயிர்தப்பினர்.

சிறைப்பட்டவர்களில் ஒருத்தி சைலசின் மகள் சின்தியா ஆன். வயது ஏறத்தாழ ஒன்பது. மற்ற நால்வரும் சில ஆண்டுகளில் மீட்கப்பட்டனர். இவளோ கொமாஞ்சியரிடமே வளர்ந்தாள். அவர்கள் மொழியே இவள் மொழியாயிற்று. பீட்டா நொகோனா என்ற தலைவனை மணந்து மூன்று பிள்ளைகளுக்குத் தாயானாள்.

24 ஆண்டுகளுக்குப் பின், 1860 டிசம்பரில், டெக்சஸ் காவற்படையினர் பீஸ் ஆற்றங்கரையில் கொமாஞ்சியர் முகாமைத் தாக்கினர். நீலக்கண்களைக் கொண்டு அவளை அடையாளம் கண்டனர். கைக்குழந்தையோடு பார்க்கர் உறவினரிடம் கொண்டுவந்து சேர்த்தனர். 'மீட்டோம்' என்று நாடே மகிழ்ந்தது. டெக்சஸ் சட்டமன்றம் அவளுக்கு நிலமும் உதவிப்பணமும் ஒதுக்கியது. அவளோ கணவனையும் இரு மகன்களையும் எண்ணி ஏங்கினாள். பலமுறை தப்பியோட முயன்றாள். சில ஆண்டுகளில் கையிலிருந்த குழந்தையும் நோயால் இறந்தது. 1870ஐ ஒட்டி அவளும் மறைந்தாள். பெற்றோர் வீட்டிலிருந்து ஒருமுறை, பிள்ளைகளிடமிருந்து ஒருமுறை என, அந்தத் தாய் இருமுறை பறிக்கப்பட்டாள்.

அவளுடைய மூத்த மகன் குவானா, கொமாஞ்சியரின் புகழ்பெற்ற தலைவரானார். அவர்களுக்கு உணவும் உடையும் தந்த காட்டெருமைகளை வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் தோலுக்காகக் கொன்று குவித்தனர். வாழ வழியற்ற நிலையில் 1875இல் குவானா தம் மக்களோடு சரணடைந்தார். அதன்பின் தாயின் குடும்பப்பெயரை ஏற்றுக் குவானா பார்க்கர் என்றே அறியப்பட்டார். 1910இல் தாயின் எலும்புகளைத் தேடி எடுத்துவந்து தம் ஊரில் அடக்கம் செய்தார். மறு ஆண்டு அவரும் இறந்து தாயின் பக்கத்திலேயே அடக்கமானார்.

பழைய கோட்டை அழிந்துவிட்டது. அது நின்ற இடத்தில், குரோஸ்பெக் என்னும் ஊருக்கு அருகே, 1936இல் அதே வடிவில் ஒன்று எழுப்பப்பட்டது. பின்னர் அது மீண்டும் புதுப்பிக்கப்பட்டது.

முன்னோடிகள் என்று அக்குடும்பத்தை வரலாறு போற்றுகிறது. அவர்களுடைய உழைப்பும் துணிவும் உண்மை. அவர்கள் அடைந்த துயரமும் உண்மை. அவர்களுக்கு முன்பே அம்மண்ணில் நடந்தவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. வேலிக்கு இந்தப் பக்கமும் ஒரு தாய் அழுதாள், அந்தப் பக்கமும் ஒரு தாய் அழுதாள். சின்தியா ஆன் இரண்டு பக்கமும் நின்று அழுதவள். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது, வேலியின் இரு பக்கத்தையும் சேர்த்தே சொல்வோம்.