இத்தாலி வீட்டுக்குத் தொலைக்காட்சிக் கட்டணம்

நேயர்களே, வென்னப்புவ, மாரவில, சிலாபம் பக்கமிருந்து இத்தாலி போய்க் குடியிருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கான தகவல் இது. அங்கே வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் ஆண்டுக் கட்டணம் உண்டு. 2025இல் 90 யூரோ. பெட்டி எத்தனை இருந்தாலும் குடும்பத்துக்கு ஒரே கட்டணம்தான். 2016 முதல் அது மின்சாரப் பட்டியலிலேயே தவணையாகச் சேர்ந்து வருகிறது.

பலர் காசை இழப்பது இங்கேதான்: மின் இணைப்பு தங்கள் பெயரில் இருந்து, வீட்டில் பெட்டி இல்லாவிட்டால், அதை வரித் திணைக்களத்துக்கு ஆண்டுதோறும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பேசாமல் இருந்தால் கட்டணம் வந்துவிடும். ஜனவரி 31க்குள் அறிவித்தால் ஆண்டு முழுவதற்கும் விலக்கு. கைப்பேசியில் மட்டும் நாடகம் பார்ப்பவர்கள் கட்டணம் கட்டத் தேவையில்லை. அடுத்த முறை பிள்ளைகள் அழைப்பெடுக்கும்போது கட்டாயம் சொல்லுங்கள்.