ஜோலார்பேட்டையில் இறங்கிப் பார்த்தால்

சென்னையிலிருந்து பெங்களூருக்கோ கோயமுத்தூருக்கோ ரயிலில் போகிற நேயர்கள் ஜோலார்பேட்டையைக் காப்பி குடிக்கும் ஸ்டேஷனாகத்தான் அறிவார்கள். வண்டி நிற்கும், ஜன்னலுக்கு வெளியே ஏலகிரி மலை தெரியும், காப்பி ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். 1864-ஆம் வருஷம் இங்கிருந்து பெங்களூருக்குப் பாதை பிரிந்தது முதல் இவ்வூரின் ஜாதகம் இதுதான். 2019 ஜூலையில் சென்னை தாகத்தால் தவித்தபோது மட்டும் இதன் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. ஐம்பது வாகன்களில் காவேரித் தண்ணீர் இங்கிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போயிற்று.

தண்ணீர் ரயிலேறிய இதே ஊருக்குப் பக்கத்திலிருந்து பட்டணத்து வீடுகளுக்கு வரக்கூடிய பொருள் இன்னொன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

திருப்பத்தூருக்கு அப்பால் ஜவ்வாது மலை நீண்டு கிடக்கிறது. அதில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற பகுதிகளில் மலையாளி வகுப்பைச் சேர்ந்த மலைக்குடிகள் சாமை பயிரிடுகிறார்கள். சாமைக்கு மழையும் மாட்டெருவும் போதும். பூச்சி மருந்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதற்கு 'இயற்கை வேளாண்மை' என்று இன்று பெரிய பெயர் கொடுத்திருக்கிறோம். மலைக்குடிகள் அதை 'விவசாயம்' என்றுதான் சொல்வார்கள்!

சமவெளியிலோ கதை வேறு. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கங்களில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்துவிட்டது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்று ஓர் ஆய்வு கூறியதை, 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பில் எடுத்துக் காட்டியிருக்கிறது. அங்கே ஒரு குடியானவர் யூரியா மூட்டையைத் தொடமாட்டேன் என்று விரதம் எடுத்துக்கொண்டாலும், அவருடைய கிணற்று நீர் அந்த விரதத்தைக் காப்பாற்ற விடுவதில்லை. ஆகையால் மாசற்ற தானியம் வேண்டுமென்றால் மலையைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு அருமையான தானியத்துக்கு விலை கிடைக்கிறதா என்றால், இல்லை. மத்திய சர்க்கார் ஒவ்வொரு வருஷமும் ஆதார விலை அறிவிக்கிறார்கள். 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல் குவிண்டால் 2,369 ரூபாய், கேழ்வரகு 4,886 ரூபாய். அந்த ஜாபிதாவில் சாமையின் பெயரே கிடையாது. உலகமெங்கும் 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம், அப்போதும் சேர்க்கப்படவில்லை. நெல்லாவது தப்பித்ததா? கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்கும் மற்ற நெல்லுக்கும் ஒரே விலை, ஒரே குவியல்.

விலை எங்கே நழுவுகிறது என்று பார்த்தால், அது களத்துமேட்டிலிருந்து உரல் வரையில் உள்ள தூரத்தில்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. சாமை மிகச் சிறிய மணி. உமி இறுக ஒட்டியிருக்கும். நெல் மில்லில் போட்டால் சரிப்படாது. பெண்கள் உரலில் குத்திக் குத்திக் கை ஓய்ந்து போவார்கள். அறுப்பு முடிந்ததும் கடன்காரர் வாசலில் நிற்கும்போது குத்திக்கொண்டிருக்க நேரம் ஏது? உமியோடு வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். உமியோடு கிலோ 40 ரூபாய் என்றால் 100 கிலோவுக்கு 4,000. அதையே குத்தினால் 65 கிலோ அரிசி தேறும்; கிலோ 90 என்று விற்றால் 5,850. குத்துகூலி, வண்டிச் சத்தம் 600 போனாலும் 5,250 மிஞ்சும். தவிடு மாட்டுக்கு. மேலே வந்த 1,250 ரூபாய், விதைத்தவர் கைக்குப் போகிறதா, வாங்கிப் போனவர் பைக்குப் போகிறதா என்பதே கேள்வி.

இது புதுக் கேள்வியன்று. 1934-ல் காந்திஜி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது, அதன் காரியதரிசியான தஞ்சாவூர் ஜே. ஸி. குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காக வாதாடியதன் கருத்தும் இதுவே: தானியம் விளைந்த கிராமத்திலேயே அரிசியாகட்டும், கூலியும் தவிடும் அங்கேயே தங்கட்டும். நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதையே யந்திரத்தைக் கொண்டு செய்து காட்டினார்கள். சாமை குத்தும் சிறு யந்திரங்களை மலைக் கிராமங்களிலேயே வைத்து, பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். உரலுக்கு ஓய்வு கிடைத்தது. வீட்டுச் சாப்பாட்டிலும் சாமை மறுபடி இடம் பெற்றது.

சாமைக்கு இயற்கையே கொடுத்த ஒரு வரமும் உண்டு. உமியோடு இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது. குத்தினால் சீக்கிரமே சிக்கு வாடை வந்துவிடும். ஆகவே உமியோடு குதிரில் வைத்து, கேட்பவர் கேட்கும்போது குத்துவதே புத்தி. ஆனால் அதுவரை கடனுக்கு என்ன வழி? ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் தானியத்தை ஈடாக வைத்தால் மதிப்பில் முக்காற்பங்கு வரை கடன் தருகிறார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொதுக் கிடங்கில் பூச்சிக்கு விஷப்புகை போட்டால் நம் தானியத்தின் மாசற்ற தன்மை போய்விடும்! அதற்குத் தனி அறை கேட்டு வாங்கத் தனி மனிதரால் முடியாது. சங்கமாய்ச் சேர்ந்தால் முடியும்.

சான்றிதழும் அப்படித்தான். பட்டணத்தார் முத்திரையில்லாமல் நம்புவதில்லை. பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர் ஐந்து பேராவது சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் சோதித்துச் சான்று பெறும் 'பங்கேற்பு உத்தரவாத' முறையில் செலவு சொற்பம். அண்டை வயற்காரரைவிடக் கடுமையான இன்ஸ்பெக்டர் யார் இருக்கிறார்? ஆனால் ரசாயனத்தை விட்டு மாறுகிற வருஷங்களில் விளைச்சல் குறையலாம், முழு இயற்கை முத்திரையும் கிடைக்காது. இந்த இடைக்காலத்தில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். சர்க்கார் உதவி அதிகம் வேண்டியதும் அப்போதுதான்.

வாங்குகிற வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. சாமை அரிசி மங்கலாகத்தான் இருக்கும். வெள்ளை வெளேரென்று கேட்டால் தீட்டித்தான் தருவார்கள். அதற்குக் கொடுக்கும் காசு தவிட்டை இழப்பதற்குக் கொடுக்கும் காசு. தெருவில் பத்து வீடுகள் சேர்ந்து, மாதம் ஒரு மூட்டை வேண்டுமென்று அறுப்புக்கு முன்னமே ஓர் உழவர் சங்கத்துக்கு எழுதி, கொஞ்சம் முன்பணமும் அனுப்பினால், கடன்காரர் வருகிற நாளில் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். மூட்டை வந்ததும் கல் இருக்கிறதா என்று அரித்துப் பார்த்துவிட்டு உலையில் போடுங்கள். சாமை சீக்கிரம் வெந்துவிடும். அடுப்பை விட்டு அப்பால் போகாதீர்கள்.