பாலிசி ஆறு லட்சம், நஷ்டம் அஞ்சு லட்சம்… கைக்கு ஏன் மூணு?

(எபிசோடில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு இன்சூரன்ஸ் பத்திப் பேசப் போறோம். பிரீமியம் கட்டுற கதை இல்ல, க்ளெய்ம் வாங்குற கதை. "எனக்கு வீடே இல்லையே, வாடகைதானே"ன்னு ஹெட்ஃபோனைக் கழட்டிடாதீங்க. உங்களுக்கு இல்லாட்டியும் ஊர்ல அப்பா அம்மாவுக்கு ஒரு வீடு இருக்கும், ஒரு கடை இருக்கும். பிரச்சினை வந்தா போன் உங்களுக்குத்தான் வரும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு.

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள்ல பேஞ்ச மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பதிவாச்சு. கோவில்பட்டி பக்கம் கரிசல் பூமி. ஒரு மழைக்கு ஏங்குற ஊரு, அன்னைக்கு "போதும்டா சாமி"ன்னு கும்பிட்டுச்சு. பசுவந்தனையில எங்க சித்தப்பாவுக்கு உரக்கடை. முன்னாடி கடை, பின்னாடி வீடு. "ஏய்யா, கடைக்குள்ள முழங்கால் தண்ணி. யூரியா மூட்டை பூரா கரைஞ்சு போச்சு"ன்னு போன். மானாவாரிப் பயிருக்கு மேலுரம் போடுற சீசன், சரக்கு நிறைய இருந்த நேரம்.

கையில ரெண்டு பாலிசி இருந்துச்சு. கடைச் சரக்குக்கு, பேங்க் லோனோட சேர்ந்து வந்த பாலிசி. வீட்டுக்கு, சென்னையில வேலை பாக்குற தங்கச்சி ஆன்லைன்ல எடுத்தது. ரெண்டும் ரெண்டு விதமா முடிஞ்சுது. ஏன்னு பாப்போம்.

முதல் சிக்கல்: கரைஞ்ச மூட்டையை எப்படி எண்ணுறது?

சொத்து க்ளெய்ம்ல நஷ்டத்தை மதிப்பிடுறவர் சர்வேயர். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பினாலும், ஐஆர்டிஏஐ உரிமம் வாங்கினவர். அவர் வர்றதுக்குள்ள சித்தப்பா கடையைக் கழுவி விடப் பாத்தாக. "ஒரு சாக்கைக்கூடத் தூக்கிப் போடாதீங்க"ன்னு கெஞ்சி நிறுத்தினோம். சுவத்துல தண்ணி நின்ன கோடு, நனைஞ்ச சாக்கு, எல்லாத்தையும் வீடியோ எடுத்தோம். நல்ல மூட்டைகளை மட்டும் மேடான இடத்துக்கு மாத்தினோம். அது முக்கியம். மிச்சத்தைக் காப்பாத்துறதும் பாலிசிதாரரோட கடமைதான்.

ஆனா வெறும் சாக்கைக் காட்டி "இதுக்குள்ள யூரியா இருந்துச்சு"ன்னா யார் நம்புவா? ஸ்டாக் நோட்டும் தண்ணியில ஊறிப் போச்சு. அங்க கை கொடுத்தது பிஓஎஸ் மெஷின். மானிய உரத்தை விவசாயிகிட்ட ஆதார் வச்சு அந்த மெஷின் வழியாத்தான் விக்கணும். அதனால கடையில எவ்வளவு இருப்புன்னு அரசாங்கக் கணக்குலயே இருக்கு. அதோட ஜிஎஸ்டி பில், பேங்குக்கு மாசாமாசம் கொடுக்குற ஸ்டாக் ஸ்டேட்மெண்ட். மூணும் ஒத்துப் போச்சு.

இங்க ஒரு எச்சரிக்கை. லோன் லிமிட்டுக்காக பேங்க்ல சரக்கைக் கூட்டிக் காட்டுற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. வெள்ளமோ தீயோ வந்தா அந்தக் காகிதமே உங்களுக்கு எதிரா நிக்கும்.

ரெண்டாவது சிக்கல்: ஏன் மூணு லட்சம்?

அன்னைக்குக் கடையில இருந்த சரக்கு சுமார் 10 லட்சம். பாலிசித் தொகை 6 லட்சம். நஷ்டம் 5 லட்சம். சித்தப்பா கேட்டாக: "நஷ்டமே அஞ்சுதான். பாலிசி ஆறு. பின்ன ஏன் மூணுங்கிறாக?"

நியாயமான கேள்வி. பதில் இதான். 10 லட்சம் சரக்குல 6 லட்சத்துக்கு மட்டும் பிரீமியம் கட்டினா, மிச்ச 40 சதவீதத்துக்கு நீங்களே இன்சூரர்னு அர்த்தம். அதனால ஒவ்வொரு ரூபா நஷ்டத்துலயும் 60 காசுதான் கம்பெனி தரும். 5 லட்சத்துல 60 சதவீதம், 3 லட்சம். அதுலயும் பாலிசியில சொன்ன பிடித்தம் போகும். இதுக்கு ஆவரேஜ் விதின்னு பேரு.

2021 ஏப்ரல்ல இருந்து சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'ன்னு ஒரு நிலையான பாலிசி இருக்கு. ஒரே இடத்துல 5 கோடி வரைக்குமான சொத்துக்கு. அதுல 15 சதவீதம் வரை குறைவா எடுத்திருந்தா கண்டுக்க மாட்டாங்க. நம்ம குறை 40. தப்பிக்க வழியில்ல.

இந்தக் குறை எங்க இருந்து வந்துச்சு? லோன் 6 லட்சம், அதனால பேங்க் 6 லட்சத்துக்கு பாலிசி போட்டுச்சு. பேங்குக்கு அதோட கடன் பத்திரமா இருந்தாப் போதும். உங்க முழுச் சரக்குக்கும் பாலிசி இருக்கான்னு பாக்குறது உங்க வேலை. பாலிசியில எழுதியிருக்குற முகவரியையும் பாருங்க. கடை முகவரி மட்டும் இருந்து, சரக்கு ஊருக்கு வெளிய குடோன்ல இருந்தா, அது தனிச் சண்டை.

மூணாவது சிக்கல்: சுவத்து வெடிப்பு யாரோடது?

வீட்டு பாலிசி 'பாரத் கிருஹ ரக்ஷா'. இதுல ஆவரேஜ் விதி கிடையாது. பரப்பளவைச் சரியாச் சொல்லியிருந்தா, பாலிசித் தொகைக்குள்ள ரிப்பேர் செலவு முழுசா வரணும். ஆனா கிழக்குச் சுவர் வெடிப்பை சர்வேயர் தள்ளிட்டார். "கரிசல் மண்ணோட இயல்பான அசைவு, பழைய வெடிப்பு"ன்னு எழுதியிருந்தார்.

அவர் சொன்னது பொய்யும் இல்ல. கரிசல் மண்ணு நனைஞ்சா உப்பும், காஞ்சா சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கும். எங்க ஊர்ல வெடிப்பில்லாத பழைய வீட்டைப் பாக்குறது கஷ்டம். இயல்பா வர்ற வெடிப்புக்கு பாலிசி பணம் தராது. வெள்ளம் வந்து அடித்தளம் இறங்கி வந்த வெடிப்புக்குத் தரும். அப்ப கேள்வி, இது எந்த வெடிப்பு?

இங்க ஒரு சட்ட விஷயம். வெள்ளம் வந்துச்சு, சேதமாச்சுன்னு காட்டுறது நம்ம பொறுப்பு. "இது விதிவிலக்குல வருது"ன்னு சொன்னா, அதை நிரூபிக்க வேண்டியது கம்பெனி. நாங்க முதல்ல சர்வே ரிப்போர்ட் நகல் கேட்டோம். கேட்டா கொடுத்தாகணும். அப்புறம் பழைய போட்டோக்களைத் தேடினோம். தங்கச்சி சடங்கு வீட்டுல எடுத்த ஆல்பத்துல, வாழைமரத்துக்குப் பின்னாடி அதே சுவர் ரெண்டு படத்துல. மேல ஜன்னல் மூலையில ஒரு வெடிப்பு அப்பவே இருக்கு. கீழ, தரையில இருந்து ஏறுற பெரிய வெடிப்பு இல்ல. ஒரு இன்ஜினியர் கடிதத்தோட அனுப்பினோம். கீழ் வெடிப்புக்குப் பணம் வந்துச்சு, மேல் வெடிப்புக்கு வரல. அது சரியான முடிவுன்னுதான் எனக்கும் தோணுது.

சர்வேயர் சொன்னா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. அவர் ரிப்போர்ட் முக்கியம், ஆனா அதுவே இறுதி வார்த்தை இல்லன்னு 2009-ல பிரதீப் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு.

கையெழுத்துக்கு முன்னாடி

செக் வர்றதுக்கு முன்னாடி ஒரு வவுச்சர் வரும்: "முழுத் தீர்வாக ஏற்கிறேன்." பணமுடையில சட்டுன்னு கையெழுத்துப் போட்டுருவோம். அஜ்மீர் சிங் காட்டன் மில் வழக்குல, 1999-ல உச்ச நீதிமன்றம் சொன்னது: வவுச்சர்ல கையெழுத்துப் போட்டதால மட்டும் உரிமை போயிடாது, ஆனா மோசடியாலயோ நெருக்கடியாலயோ வாங்கினதுன்னு நீங்க காட்டணும். காட்டுறது லேசில்ல. அதனால ஒப்புக்கலைன்னா அப்பவே மெயில்ல எழுத்துப்பூர்வமா சொல்லிடுங்க.

கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு முதல்ல எழுதுங்க. ஒரு மாசத்துல பதில் இல்ல, இல்ல திருப்தி இல்லன்னா இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தனிநபர், தனி உரிமையாளர் கடை, குறுந்தொழில் எல்லாரும் போகலாம். 50 லட்சம் வரை. கட்டணம் இல்ல, வக்கீல் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள்ள போகணும். நுகர்வோர் ஆணையத்துக்கு ரெண்டு வருஷம் கெடு. நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம்.

"என் சரக்கு, ஆனா அடுத்தவர் குடோன், அவர் பேர்ல பாலிசி"ன்னா? கர்நாடகாவுல 2014-ல ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிஞ்சுது. விளைச்சலை வச்சு கனரா பேங்க்ல கடன் வாங்கின விவசாயிகள்கிட்ட "உங்களோட எங்களுக்கு ஒப்பந்தமே இல்ல"ன்னு இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லிச்சு. 2020-ல உச்ச நீதிமன்றம், அந்த பாலிசியோட பலன் விவசாயிகளுக்கும் உண்டு, அவங்களும் நுகர்வோர்தான்னு தீர்ப்பு கொடுத்துச்சு. ஆறு வருஷம் ஆச்சு, அது வேற விஷயம்.

அடுத்த தடவை ஊருக்குப் போனா ஒரு வேலை செய்யுங்க. பீரோவுல இருக்குற பாலிசியை எடுத்து தொகையையும் முகவரியையும் பாருங்க. வீட்டைச் சுத்தி வந்து எல்லாச் சுவரையும் ஒரு வீடியோ எடுத்து உங்க மெயில்ல போட்டு வைங்க. பத்து நிமிஷம்தான். சித்தப்பா இப்ப 10 லட்சத்துக்குப் புது பாலிசி போட்டுட்டாக. "முன்னாடியே சொல்லிருக்கலாம்லய்யா"ன்னு ஒரு வார்த்தை மட்டும் கேட்டாக. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இப்பவே சொல்லிட்டேன்.