தொட்டி மண்ணில் துள்ளும் வெள்ளைப் பொடிகள்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் வட்டார வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் தாழ்வாரத்தை ஒட்டிக் கறிவேப்பிலை, துளசி, பாண்டான் தொட்டிகளைப் பார்க்கலாம். அவற்றில் ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளைப் பொடிகள் நீரின் மேல் மிதக்கக்கூடும். விரல் நெருங்கினால் துள்ளி மறையும். உடனே பூச்சிமருந்தைத் தேட வேண்டாம். இவை ஸ்பிரிங்டெயில்கள். கடிக்காது, நமக்கு நோய் பரப்பாது.

ஆறு கால் இருந்தாலும் ஆய்வாளர்கள் இவற்றைப் பூச்சிகளோடு சேர்க்காமல் தனி வகுப்பாகவே வைக்கிறார்கள். இறக்கை கிடையாது. வயிற்றுக்கு அடியில் இரண்டாகப் பிளந்த ஓர் உறுப்பு, எலிப்பொறிக் கம்பிபோல விறைப்பாக மடங்கி ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். ஆபத்து வந்தால் கொக்கி விடுபடும். அந்த உறுப்பு தரையை அறையும். உடல் அந்தரத்தில் எகிறும். தோலில் தண்ணீர் ஒட்டாததால் மூழ்குவதும் இல்லை. மண்ணின் ஆழத்தில் வாழும் சில இனங்களுக்குத் துள்ளும் உறுப்பே கிடையாது, ஊர்ந்துதான் போகும். ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த இவற்றின் புதைபடிவம் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையானது. டைனோசர்கள் தோன்றுவதற்கு வெகு முன்பே மண்ணில் வேலையைத் தொடங்கிவிட்டன!

அந்த வேலைதான் நமக்கு முக்கியம். பூஞ்சை, பாசி, அழுகிய இலை இவைதான் இவற்றின் சாப்பாடு. இவை தின்று கழிப்பதில் உள்ள சத்து மண்ணுக்குத் திரும்பிச் செடிக்குக் கிடைக்கிறது. கண்ணாடிக் குடுவையில் செடி வளர்ப்பவர்கள், பூஞ்சை பிடிக்காமலிருக்க இவற்றைக் காசு கொடுத்தே வாங்கி விடுகிறார்கள். மண்ணில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று அறிய, ஃபோல்சோமியா கேண்டிடா என்ற இனத்தை ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள். நஞ்சு இருந்தால் அதன் இனப்பெருக்கம் குறைந்துவிடும்.

கூட்டம் அளவுக்கு மீறினால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் தானாகக் குறையும். டெங்கிக் கொசுவைத் தடுக்கத் தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வதைச் செய்தாலும் பலன் உண்டு: தொட்டித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டுங்கள், இறுகிய மண்ணைக் கிளறிவிடுங்கள்.

தொட்டியைச் சுற்றிச் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் மட்டும் கவனம் தேவை. அவை வேறு இனம். மண்ணுக்குள் கருந்தலையோடு நெளியும் அவற்றின் புழுக்கள் இளநாற்றின் வேரைக் கடிக்கும். பசை தடவிய மஞ்சள் அட்டையைத் தொட்டியில் செருகினால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். மண்ணைக் காயவிட்டால் புழுக்களும் குறையும்.