மும்பையில் பிறந்த 'நீலகிரி'

நீலகிரி என்றதும் ஊட்டி மலை ரெயிலும் தேயிலைத் தோட்டமும்தான் நினைவுக்கு வரும். மும்பைத் துறைமுகப் பக்கம் வேலை பார்த்த பழைய ஆட்களைக் கேட்டால் இன்னொரு நீலகிரியைச் சொல்வார்கள். அது ஒரு போர்க்கப்பல். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் 'பிரிகேட்' ரகப் போர்க்கப்பல்.

பிரிகேட்டைக் கடற்படையின் காவல்காரன் எனலாம். பெரிய கப்பல்களுக்குத் துணையாகச் செல்லும். தண்ணீருக்கு அடியில் பதுங்கி வரும் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடி அழிப்பது அதன் முக்கிய வேலை.

டாக்யார்டு ரோடு அருகே

டாக்யார்டு ரோடு ரெயில் நிலையத்துக்கு அருகே உள்ள மசகான் டாக்கில்தான் நீலகிரி பிறந்தது. 1960-ல் மத்திய அரசு அந்தத் தளத்தைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும் வரை, அங்கே பெரும்பாலும் நடந்தது வணிகக் கப்பல்களைப் பழுது பார்க்கும் வேலை. அப்படிப்பட்ட இடத்தில் சுமார் 3,000 டன் போர்க்கப்பலைக் கட்டத் துணிந்தது லேசான காரியம் அல்ல.

பிரிட்டனின் விக்கர்ஸ், யாரோ கம்பெனிகளுடன் ஒப்பந்தம் ஆயிற்று. வரைபடம் அவர்களுடையது, 'லியாண்டர்' என்ற ரகம். முக்கிய எந்திரங்களும் கருவிகளும் வெளிநாட்டிலிருந்து வந்தன. தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்த கைகள் நம்முடையவை.

1966 அக்டோபரில் அடிக்கட்டை போட்டார்கள். 1968 அக்டோபர் 23-ந் தேதி பிரதமர் இந்திரா காந்தி கப்பலைக் கடலில் இறக்கி வைத்தார். ஆனால் உடலைக் கட்டுவது பாதி வேலைதான். குழாய், மின்கம்பி, கொதிகலன், பீரங்கி எல்லாம் பொருத்தி முடிக்க மேலும் மூன்றரை ஆண்டுக்கு மேல் பிடித்தது.

குக்ரி மூழ்கிய இரவு

அந்த இடைவெளியில்தான் 1971 யுத்தம் வந்தது. டிசம்பர் 9-ந் தேதி இரவு, டையூவுக்கு அருகே 'குக்ரி' என்ற நம் பிரிகேட்டை பாகிஸ்தான் நீர்மூழ்கி 'ஹாங்கோர்' தாக்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். குக்ரி பிரிட்டனில் கட்டிய கப்பல். அதைவிடப் பெரிய, நவீனமான நீலகிரியோ மசகான் டாக்கில் இன்னும் வேலை முடியாமல் நின்றது.

ஆறு மாதம் கழித்து, 1972 ஜூன் 3-ந் தேதி நீலகிரி கடற்படையில் சேர்ந்தது.

கொதிகலன் அறை

நீலகிரி நீராவிக் கப்பல். இரண்டு கொதிகலன்கள், 30,000 குதிரைசக்தி. கப்பல் கிளம்ப வேண்டுமானால் பல மணி நேரம் முன்பே எண்ணெயை எரித்து நீராவி ஏற்ற வேண்டும். மேல்தளத்தில் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பவர்கள் படத்தில் வருவார்கள். கீழே அனலில் வெந்தவர்களைப் படம் பிடித்தவர்கள் குறைவு.

24 ஆண்டுகள் நீலகிரி பணியில் இருந்தது. அந்தக் காலத்தில் இந்தியா பெரிய கடல் யுத்தம் எதிலும் இறங்கவில்லை. ஆகவே அதன் பெருமையை யுத்தக் கணக்கில் தேடக்கூடாது. மசகான் டாக்கில்தான் தேட வேண்டும்.

நீலகிரிக்குப் பின் ஹிம்கிரி, உதயகிரி, துனகிரி, தாராகிரி, விந்தியகிரி என ஐந்து தங்கைகள் அங்கேயே பிறந்தன. கடைசி இரண்டிலும் பெரிய சீ கிங் ஹெலிகாப்டர் இறங்க, நம் ஆட்களே பின்பகுதியை மாற்றி அமைத்தார்கள். 1983-ல் வந்த 'கோதாவரி' நம்மவர்கள் வரைந்த கப்பல். லியாண்டர் எந்திரத்தையே வைத்து, உடலைப் பெரிதாக்கி, இரண்டு சீ கிங் ஏற்றிக் காட்டினார்கள்.

கடைசிப் பயணம்

1996-ல் நீலகிரிக்கு ஓய்வு கொடுத்தார்கள். பழைய கப்பலைக் குறி வைத்துச் சுட்டுப் பார்ப்பது கடற்படைகளின் வழக்கம். 1997 ஏப்ரல் 24-ந் தேதி ஆளில்லாத நீலகிரி மீது நம் கடற்படையின் சீ ஹாரியர் விமானம் 'சீ ஈகிள்' ஏவுகணையை வீசியது. கப்பல் மூழ்கியது. விமானமும் ஏவுகணையும் பிரிட்டனில் செய்தவை என்பது ஒரு வேடிக்கை.

தங்கை விந்தியகிரிக்கு ஒரு விபத்து நேர்ந்தது. 2011 ஜனவரி 30-ந் தேதி மும்பைத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பலோடு மோதித் தீப்பிடித்தது. மறுநாள் கரையோரத்திலேயே மூழ்கியது.

2025 ஜனவரி 15-ந் தேதி மும்பை கடற்படைத் தளத்தில் புதிய 'நீலகிரி'யை பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். பழையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை. 149 மீட்டர் நீளம். கட்டியது அதே மசகான் டாக். வரைபடம் கடற்படையின் சொந்த வடிவமைப்புப் பிரிவினுடையது. கொதிகலன் கிடையாது, டீசல் என்ஜின், வேகத்துக்கு கியாஸ் டர்பைன்.

தங்கைகளின் பெயர்களும் திரும்பியுள்ளன. புதிய விந்தியகிரி கொல்கத்தாவில் 2023 ஆகஸ்டு 17-ந் தேதி தண்ணீரில் இறங்கியது.