உங்களுக்குத் தெரியுமா? வகுப்பறைக்குள் 2 நிமிட விளம்பரம்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் வகுப்புக்கு ஒரு டிவி, கூடவே விசிஆர், கூரையில் டிஷ் ஆன்டெனா என எல்லாவற்றையும் ஒரு காசு வாங்காமல் பொருத்திக் கொடுத்தது ‘சேனல் ஒன்’ நிறுவனம். 1990இல் நாடு முழுக்கத் தொடங்கிய திட்டம் இது. பதிலுக்கு, அதன் 12 நிமிடச் செய்தி நிகழ்ச்சியைப் பத்துப் பள்ளி நாட்களில் ஒன்பது நாளாவது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அதில் 2 நிமிடம் விளம்பரம்: சாக்லேட், குளிர்பானம், ஜீன்ஸ்... வீட்டில் என்றால் சேனலை மாற்றலாம். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன செய்யும்? கையில் காசில்லாத பள்ளிகளே இதில் அதிகம் சிக்கின என்பதுதான் வயிற்றெரிச்சல். ஒப்பந்தத்தை முறித்தால் டிவியும் போய்விடும். நியூயார்க் மாநிலம் தன் அரசுப் பள்ளிகளில் இதை 1989இலேயே தடுத்துவிட்டது. சேனல் ஒன் நின்றது 2018இல்தான்.