பள்ளிக்கூடப் புத்தகசாலையும் ஐக்கிய சங்கங்களின் கடமையும்

கிராமத்துப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எழுத்தறிந்து வெளிவந்த பின்னர், அவ்வெழுத்தறிவை எவ்வாறு காப்பாற்றிக்கொள்ளும் என்பதே கல்வி விஷயத்தில் முக்கியமான கேள்வியாகும். 1929-ஆம் வருஷத்தில் ஹார்ட்டாக் கமிட்டி வெளியிட்ட அறிக்கையின்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் 1922–23-இல் முதல் வகுப்பிலிருந்த 100 பிள்ளைகளில் 1925–26-இல் நான்காம் வகுப்பில் படித்தவர்கள் 18 பேரே. இடையில் நின்றவர்களுக்கு வீட்டில் புத்தகமில்லை. ஊரிலும் படிக்க ஒன்றுமில்லை. ஆகவே கற்ற சிறிதளவும் மறந்துபோயிற்று.

இதன் நஷ்டம் ஐக்கிய சங்கத்தையும் சாரும். தன் கணக்குப் புத்தகத்தைத் தானே படித்தறிய இயலாத அங்கத்தினர் பிறர் சொல்வதையே நம்ப வேண்டியவராகிறார். உபவிதிகளைப் படிக்காதவர் மகாசபையில் கேள்வி கேட்பதும் அரிது.

பல பள்ளிகளில் புத்தகங்கள் இல்லாமலில்லை. ஆனால் அவை பூட்டிய அலமாரியில் இருக்கும். ஒரு புத்தகம் தொலைந்தால் தாம் விலை கொடுக்க நேருமோ என்று உபாத்தியாயர் அஞ்சுவது இயல்பே. அதன் பலனாகப் புத்தகங்கள் கறையானுக்கு இரையாகின்றன, பிள்ளைகளுக்குப் பயன்படுவதில்லை. அலமாரி வேறு, புத்தகசாலை வேறு என்பதை முதலில் உணர வேண்டும்.

இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துரைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் லைப்ரேரியனாக நியமனம் பெற்று, இங்கிலாந்து சென்று புத்தகசாலைகளைப் பார்வையிட்டுத் திரும்பினார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் கருத்து வருமாறு: புத்தகம் உபயோகத்திற்கே உரியது, வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு புத்தகமும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும், வாசகரின் காலம் வீணாகலாகாது, புத்தகசாலை வளர்ந்துகொண்டே இருப்பது. 1942-இல் பள்ளி, கலாசாலைப் புத்தகசாலைகளைப் பற்றியே அவர் தனியாக ஒரு நூலும் எழுதினார்.

இவ்விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவருபவரே லைப்ரேரியன். அவருடைய வேலை சாவி வைத்திருப்பதன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் பெரிய எழுத்தும் படமுமுள்ள சிறு கதையைக் கொடுப்பவர் அவர். தேளைப் பற்றிக் கேட்கும் சிறுமியிடம் பிராணிகளைப் பற்றிய புத்தகத்தைத் தந்து, விடை எந்தப் பக்கத்தில் உள்ளதென்று அவளே கண்டுபிடிக்கும்படி பொருளடக்கத்தைப் பார்க்கப் பழக்குவார். பாடப் புத்தகம் ஒரு விஷயத்தை ஒரு விதமாகவே சொல்லும். இரண்டு புத்தகங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பிள்ளையோ தானாகச் சிந்திக்கத் தொடங்குகிறது.

சிறு பள்ளிக்குத் தனி லைப்ரேரியன் கிடைப்பது அரிது. அங்கே ஆர்வமுள்ள உபாத்தியாயர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்கலாம். அவர் கவனிக்க வேண்டியவை சில:

1. ஒவ்வொரு புத்தகத்திற்கும் எண்ணிட்டு இருப்புப் பதிவேட்டில் எழுதுக. இரவல் கொடுப்பதற்குத் தனி நோட்டு வைக்க.

2. கதை, சரித்திரம், விவசாயம், சுகாதாரம் எனப் பிரித்து, பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் அடுக்குக.

3. வாரத்தில் ஒரு குறித்த நேரத்தில் தவறாமல் புத்தகம் வழங்குக. மேல் வகுப்புப் பிள்ளைகள் இருவரை உதவிக்கு வைத்துக்கொள்க.

4. அலமாரியைச் சுவரோடும் ஈரத் தரையோடும் ஒட்டாமல் வைத்து, அடிக்கடி தூசி தட்டுக. கிழிந்தவற்றை உடனே பைண்டு செய்க.

5. கிழிதலும் தேய்தலும் உபயோகத்தின் அடையாளம். அதற்காகப் பிள்ளையையோ உபாத்தியாயரையோ தண்டிக்கலாகாது.

புத்தகங்கள் குறைவாயிருப்பின் அயலூர்களுடன் பகிர்ந்துகொள்ளலாம். பரோடா சமஸ்தானத்தில் மகாராஜா சயாஜிராவ் 1910-இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்பவரை வரவழைத்து ஏற்படுத்திய திட்டத்தில், மரப்பெட்டிகளில் புத்தகங்கள் ஊரூராகச் சென்றன. மன்னார்குடிப் பக்கத்தில் 1931-இல் மாட்டுவண்டிப் புத்தகசாலை கிராமங்களுக்குச் சென்றது. அவ்வாறே ஐந்து ஊர்ப் பள்ளிகள் ஆளுக்கொரு பெட்டி சேர்த்து மாதந்தோறும் மாற்றிக்கொண்டால், ஒரு பெட்டியின் செலவில் ஐந்து பெட்டிகளின் பயன் கிடைக்கும்.

இதற்கு ஐக்கிய சங்கங்கள் உதவுவது புதிய வழக்கமன்று. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலியோர் தொடங்கிய பண்டகசாலை, சில வருஷங்களுக்குள் தன் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கி, அங்கத்தினருக்குப் புத்தகசாலையும் நடத்திற்று. இந்தியாவில் 1912-ஆம் வருஷத்து ஐக்கிய சங்கச் சட்டமும், நிகர லாபத்தில் நாலில் ஒரு பாகத்தைச் சேமநிதிக்குச் சேர்த்த பின், ரிஜிஸ்திராரின் அனுமதியுடன், மிச்சத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைத் தர்ம காரியத்திற்குக் கொடுக்க இடமளித்தது. கல்வியும் அத்தர்மங்களில் ஒன்றாகும்.

ஆகவே, தற்போதைய சட்டமும் உபவிதிகளும் இடந்தரும் அளவில், சங்கங்கள் வருஷந்தோறும் ஒரு சிறு தொகையைப் பள்ளிப் புத்தகங்களுக்கு அளிக்கலாம். பணம் கொடுத்ததோடு நின்றுவிடாமல், புத்தகங்கள் எத்தனை முறை வெளியே சென்றன என்பதை இரவல் நோட்டைப் பார்த்து விசாரித்தறிய வேண்டும். கடன் கொடுத்து வாங்கும் முறையை நன்கறிந்த அங்கத்தினர்களுக்கு இது கடினமான காரியமன்று. நாளை சங்கத்தின் கணக்கைப் பார்க்கப்போகிறவர்கள் இன்று அப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளே.